ஷீட் கூரைக்கு அடியில் கோடை

கோடை வந்ததும் வரும் முதல் எச்சரிக்கை, மதியம் 12 மணி முதல் 3 மணி வரை வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்பதுதான். வீடே அனலாகக் கொதித்தால் எங்கே போவது? திருப்பூரிலும் கோவைப் புறநகரிலும் பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் போகிற ஏராளமான குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் எழுகிறது.

அவர்கள் குடியிருப்பது லைன் வீடுகளில். ஒரே அறை, சமையலும் படுக்கையும் அதற்குள்தான். பின்பக்கம் ஜன்னல் இல்லாததால் காற்று ஓடாது. தலைக்குச் சற்று மேலே சிமெண்ட் ஷீட். ஃபேனைப் போட்டால் அந்த வெக்கைதான் கீழே இறங்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரமும் பலருக்குக் கிடைப்பதில்லை. உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுகிறார்.

நைட் ஷிஃப்ட் முடித்து வரும் மில் தொழிலாளி பகல் முழுக்க இதற்குள்தான் தூங்கியாக வேண்டும். ஓய்வில் தணிய வேண்டிய உடல் சூடு தணியாதபோது, தோலைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது. வியர்த்து வியர்த்து நீர் வற்றி, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. முதியவர்கள், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள், சர்க்கரை நோயாளிகள் முதலில் சாய்கிறார்கள். வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு அபாயம் இரட்டிப்பாவதை, தமிழகத்தில் 800 பெண்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் நடத்திய ஆய்வு காட்டியது. அந்தப் பெண்கள் வேலை முடிந்து திரும்பும் வீடும் கொதித்தால் உடல் எப்போது ஆறும்?

2024 ஏப்ரலில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், உயிர் போகாமல் காப்பது கூரையிலிருந்து தொடங்க வேண்டும்.

வழி புதிதல்ல. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு வீட்டுச் சூட்டைச் சில டிகிரி குறைக்கும். அகமதாபாத் குடிசைப் பகுதிகளில் இது நடந்திருக்கிறது. தெலங்கானா 2023இல் இதற்கெனக் கொள்கையே வகுத்தது.

வாடகைக்கு இருப்பவர் அடுத்தவர் கூரைக்குச் செலவழிக்க முடியாது. உரிமையாளரோ அதன் கீழே தூங்குவதில்லை. எனவே கோவை, திருப்பூர், ஈரோடு மாநகராட்சிகள் முன்வர வேண்டும். பூச்சு அடிக்கும் உரிமையாளருக்குச் சொத்து வரியில் சலுகை தரலாம். தொழிலாளர்களைக் குடிவைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கலாம். பங்குனி வெயில் ஏறுவதற்குள் இந்தக் கூரைகள் வெள்ளையாக வேண்டும்.