பேச்சுப் போட்டியும் சொற்போரும்

பொங்கல் விழா, பாரதி விழா, ஆண்டு விழா என்று வந்துவிட்டால் வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைப்பது நெடுநாளைய வழக்கம். மும்பையானாலும் பெங்களூரானாலும் தில்லியானாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். தலைப்பு பல நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்படுகிறது. தந்தையோ ஆசிரியரோ எழுதிக் கொடுக்கிறார். பிள்ளை நெட்டுருப் போடுகிறது. மேடையில் தடங்கலின்றி ஒப்பித்துவிட்டால் கோப்பை. நடுவே ஒரு வரி மறந்துவிட்டால் கண்ணீர்.

இதனால் பயனே இல்லை என்று சொல்வதற்கில்லை. மேடைக் கூச்சம் போகிறது. லகர, ளகர, ழகரம் திருந்துகிறது. வீட்டில் சில நாட்களாவது நல்ல தமிழ் ஒலிக்கிறது. ஆயினும் எழுதுபவர் ஒருவர், பேசுபவர் வேறொருவர் என்னும் போட்டியில் பிள்ளையின் சிந்தனைக்கு என்ன வேலை இருக்கிறது? இப்போதோ எழுதித் தரத் தந்தையும் வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம். கைபேசியில் தலைப்பைச் சொன்னால் போதும், செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் முழுப் பேச்சையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஒப்பித்தலுக்குப் பரிசு தரும் போட்டி இனி எதைச் சோதிக்கப் போகிறது என்று சங்கங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

உலகெங்கும் மாணவர்களிடையே நடக்கும் சொற்போர்ப் போட்டிகளின் விதிகள் வேறு விதமானவை. அவற்றுள் பெயர் பெற்றது பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை. 1981-இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய உலகப் பல்கலைக் கழகச் சொற்போர்ப் போட்டி இம்முறையில்தான் நடக்கிறது. 2013 டிசம்பர் இறுதியில் தொடங்கி 2014 ஜனவரியில் முடிந்த போட்டி சென்னையிலேயே நடைபெற்றது.

இம்முறையில் இரண்டிரண்டு பேர் கொண்ட நான்கு அணிகள். இரண்டு அணிகள் ஆளும் தரப்பு, இரண்டு அணிகள் எதிர்த்தரப்பு. தீர்மானம் அறிவிக்கப்பட்ட பின் கிடைப்பது 15 நிமிடமே. எந்தத் தரப்பில் பேசுவது என்பதை அணிகள் தேர்ந்தெடுத்துக் கொள்ள முடியாது. போட்டி நடத்துவோர் ஒதுக்கியதை ஏற்றாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் 7 நிமிடம். முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் தவிர்த்து, இடையில் எதிர்த்தரப்பினர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். ஒரே தரப்பில் பின்னால் பேசும் அணி, முன்னால் பேசிய அணி சொன்னதையே திருப்பிச் சொன்னால் பயனில்லை. புதிதாக ஏதேனும் சொல்ல வேண்டும். அதே சமயம் தன் தரப்பைக் காலை வாரிவிடவும் கூடாது. முடிவில் நான்கு அணிகளும் வரிசைப்படுத்தப்படுகின்றன. முதல் இடத்துக்கு 3 புள்ளி, அடுத்தவற்றுக்கு 2, 1. கடைசி அணிக்கு ஒன்றுமில்லை.

பள்ளி மாணவர்களுக்கான உலகப் போட்டியில் தரப்புக்கு மூவர், ஆளுக்கு 8 நிமிடம். இறுதியில் இரு தரப்பும் 4 நிமிடத் தொகுப்புரை ஆற்ற வேண்டும். சில தீர்மானங்கள் முன்கூட்டியே தரப்படுகின்றன. வேறு சில ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தெரியவரும். நூறு மதிப்பெண்ணில் பொருளுக்கு 40, பேசும் முறைக்கு 40, வாதத்தை அமைத்துச் செல்லும் திறனுக்கு 20. ஆசிய நாடாளுமன்ற முறையிலும் தரப்புக்கு மூவர்தான். அங்கே ஆயத்தத்துக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது.

விதிகள் முறைக்கு முறை மாறினாலும் அடிப்படை ஒன்றே. தரப்பு பிள்ளையின் விருப்பமல்ல. எதிராளி சொன்னதைக் காதில் வாங்காமல் பேச முடியாது. இடையில் கேள்வி வரும், அதற்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த பேச்சு இங்கே அரை நிமிடம்கூடத் தாங்காது.

நம்பாத ஒன்றுக்காகப் பிள்ளைகளை வாதாட வைப்பது நேர்மைக் குறைவல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். புதிய கேள்வியல்ல இது. 1954-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் அந்த ஆண்டுத் தலைப்பாக, கம்யூனிஸ்டுச் சீன அரசை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்னும் தீர்மானம் அமைந்தது. வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கழகமும் அன்னாபொலிஸ் கடற்படைக் கழகமும் தங்கள் மாணவர்கள் அதில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடுத்துவிட்டன. எதிரியின் வாதத்தை உச்சரித்தாலே மாணவன் கெட்டுவிடுவான் என்ற அச்சம்! பிற்பாடு 1979-இல் அமெரிக்க அரசே அந்தச் சீனாவை அங்கீகரித்தது.

இன்னொரு நிகழ்ச்சி 2015 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தில் நடந்தது. கடுங்காவல் சிறையொன்றில் இருந்துகொண்டே பார்ட் கல்லூரியின் பாடத் திட்டத்தில் படித்துவந்த மூன்று கைதிகள், ஹார்வர்டு பல்கலைக் கழக மாணவர் அணியைச் சொற்போரில் வென்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அவர்கள் வென்றது அதே வெஸ்ட் பாயின்ட் கழகத்தின் அணியை. கைதிகளுக்கு இணைய வசதி கிடையாது. கேட்ட புத்தகம் சிறை நிர்வாகத்தின் அனுமதி பெற்று வந்து சேர வேண்டும். ஹார்வர்டு அணியுடன் மோதியபோது அவர்களுக்கு வாய்த்த தரப்பு, உரிய ஆவணமின்றி நாட்டில் வாழ்வோரின் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்க அரசுப் பள்ளிகளுக்கு உரிமை வேண்டும் என்பது. அவர்களுக்கே உடன்பாடில்லாத கருத்து அது. ஆனாலும் அதற்கான நியாயங்களைத் தேடித் திரட்டி வாதாடினார்கள். இதனால் அவர்கள் கொள்கை மாறியவர்களாகிவிடவில்லை. மாற்றான் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதை அறிந்தவர்களானார்கள். பணமும் பளபளப்பும் இல்லாதவர்களுக்கு விதி நேர்மையாக இருந்தால் வெற்றி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் இடமில்லை. பல சமயத்தாரும் கூடி வாதிடும் பட்டிமண்டபத்தை மணிமேகலைக் காப்பியம் பேசுகிறது. அக்காப்பியத் தலைவி வஞ்சி நகரில் பல்வேறு சமயவாதிகளின் கொள்கைகளையும் கேட்டறிந்த பின்பே தன் வழியை உறுதி செய்துகொள்கிறாள். நீலகேசி முழுவதும் வாதப் போரே. சொந்தக் கொள்கை எதையும் நிலைநாட்டாமல் அடுத்தவர் சொன்னதை மட்டும் உடைத்துக்கொண்டிருப்பதை விதண்டை என்று தருக்க நூலார் தனியே பிரித்து வைத்தார்கள். விதண்டாவாதம் என்ற சொல் இன்றும் வீட்டுப் பேச்சில் வழங்குகிறது. அண்மைக் காலத்திலும் 1943-இல் கம்பராமாயணம் பற்றி அறிஞர் அண்ணா ஒரு பக்கமும், ரா. பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர் மறுபக்கமுமாக நின்று நடத்திய சொற்போர்கள் தமிழகம் முழுவதும் பேசப்பட்டன. குன்றக்குடி அடிகளார் போன்றோர் பட்டிமன்றத்தைப் பாமரரிடமும் கொண்டு சென்றார்கள். இன்று தொலைக்காட்சியில் வரும் பட்டிமன்றம் கேட்பதற்கு இனிமையானதே. ஆனால் அங்கே கைதட்டல் நகைச்சுவைக்குக் கிடைக்கிறது. மாணவர் பயிற்சிக்கு அது மட்டும் போதாது.

விதிகள் பிள்ளைகளை உருவாக்கும், கெடுக்கவும் செய்யும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் ஒருவகைப் போட்டியில், எதிராளி பதில் சொல்லாமல் விட்ட வாதம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். விளைவு, இயன்ற வரை வாதங்களைக் கொட்டித் தீர்க்க நிமிடத்துக்கு 300 சொற்களுக்கு மேல் பேசும் வழக்கம் வந்துவிட்டது. பொதுமக்களால் அதைக் கேட்டுப் புரிந்துகொள்வது அரிது. எதற்கு மதிப்பெண் தரப்படுகிறதோ அதையே மாணவன் வளர்த்துக்கொள்வான். குரலுக்கும் மனப்பாடத்துக்கும் மதிப்பெண் கொடுத்தால் குரலும் மனப்பாடமும் வளரும். காரணம் சொல்வதற்கு மதிப்பெண் கொடுத்தால்தான் காரணம் சொல்லும் பழக்கம் வரும்.

வெளிமாநிலத் தமிழருக்கு இதில் தனியான அக்கறை உண்டு. பெரிய தனியார் பள்ளிகளில் ஆங்கிலச் சொற்போருக்குத் தனிப் பயிற்சியாளர்கள் வைக்கப்படுகிறார்கள். மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஆலைத் தொழிலாளியின் மகளுக்கும், சிறு நிறுவன எழுத்தரின் மகனுக்கும் அந்த வாய்ப்பு எங்கே? நாளைக்கு நேர்முகத் தேர்விலும் குழு விவாதத்திலும் இருவரும் ஒரே மேசையில்தான் உட்கார வேண்டும். அங்கே தோற்பது அறிவுக் குறைவால் அல்ல, பழக்கக் குறைவால். காரணம் காட்டிப் பேசும் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். அதைத் தாய்மொழியிலேயே தொடங்கி வைக்கச் சங்கங்களால் முடியும். மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் தமிழில் சாப்பிடக் கேட்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். தமிழில் ஆராய்ந்து பேசுகிறார்களா? பெருமை பேசுவதற்கு மட்டும் எடுத்து வைக்கப்படும் மொழி, பரணில் வைத்த பித்தளைப் பாத்திரம் போலத்தான். புழங்கினால்தான் பளபளக்கும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஓர் அறை, எட்டுப் பிள்ளைகள், ஒரு கடிகாரம், ஒரு மணி. ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 40 நிமிடம். ஆயத்தத்துக்கு 15 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். தரப்பைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யலாம். முதல் சுற்றில் ஆதரித்தவர் அடுத்த சுற்றில் எதிர்க்கட்டும்.

தலைப்புகளும் மாற வேண்டும். தாயின் சிறப்பு, தமிழின் இனிமை என்ற தலைப்புகளுக்கு மறுபக்கம் கிடையாது. மறுபக்கம் இல்லாதது சொற்போருக்கு ஆகாது. பிழைக்க வந்த தொழிலாளி சொந்த ஊரில் வாக்களிப்பதா, வேலை செய்யும் ஊரில் வாக்களிப்பதா? குடிசைப் பகுதிகளை இடித்து அடுக்குமாடி கட்டுவது குடியிருப்போருக்கு நன்மையா? வெளிமாநிலத்தில் பிள்ளைகள் தாய்மொழியில் படிப்பதா, மாநில மொழியில் படிப்பதா? இவை அன்றாடம் வீட்டில் எழும் கேள்விகள். இவற்றைப் பற்றிப் பேச எந்தப் பிள்ளைக்கும் நாலு சொல் இருக்கும்.

நடுவர்களின் பொறுப்பு பெரிது. யாருக்குப் பரிசு என்று மட்டும் அறிவித்துவிட்டுப் போகாமல், ஏன் என்பதைப் பிள்ளைகளின் முன்னிலையில் விளக்க வேண்டும். தோற்ற பிள்ளைக்கு அதுதான் பாடம். மராத்தியோ கன்னடமோ இந்தியோ கலந்து பேசியதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். உலகப் பல்கலைக் கழகப் போட்டியிலேயே ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட அணிகளுக்குத் தனி இறுதிச் சுற்று உண்டு. மொழித் தடுமாற்றத்தைக் கண்டு வாதத்தைத் தள்ளிவிடக் கூடாது என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். மும்பையில் பிறந்த பிள்ளையின் தமிழுக்கும் அந்தச் சலுகை நியாயமானதே.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. இரவுச் சாப்பாட்டு வேளையில் பிள்ளை எதிர்த்து ஒன்று சொன்னால், வாயை மூடு என்பதற்குப் பதிலாக, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பையன் பேசினால் கெட்டிக்காரன், பெண் பேசினால் வாயாடி என்னும் வழக்கையும் விட்டுவிட வேண்டும்.

வரும் ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டியை அறவே நீக்க வேண்டும் என்பதில்லை. அதன் அருகில் ஒரு சொற்போருக்கும் இடம் ஒதுக்கினால் போதும். எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பவர்களைப் பிறர் ஏவிக்கொண்டே இருப்பார்கள். கேட்ட கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்லத் தெரிந்தவர்களை யாரும் எளிதில் ஏய்த்துவிட முடியாது. பிழைக்க வந்த ஊரில் தலைநிமிர்ந்து நிற்க, தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கங்கள் தரக்கூடிய சீதனம் இதுவே.