அலாய் வீலுக்கு ஆசிட் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல தெருக்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கார் குளித்து முடித்துப் பளிச்சென்று நிற்கும். சக்கரம் மட்டும் காபி டிக்காஷனில் முக்கி எடுத்தது போல் பழுப்பாக இருக்கும். கார்க்காரர் குந்தி உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார். போகாது. கடைசியில் வீட்டுக்குள் போய், கழிப்பறைக்கு ஊற்றும் பாட்டிலை எடுத்து வருவார். ஊற்றியதும் நுரைக்கும். ஐந்தே நிமிடத்தில் பழுப்பு காணாமல் போகும். "இதுக்குப் போய் கடையில தனியா மருந்து விக்கிறான் பாரு!" என்று ஒரு பெருமை வேறு.

அந்தப் பெருமைக்கு என்ன விலை என்பது சில மாதம் கழித்துத்தான் தெரியும். அலாய் வீலைச் சீக்கிரமாகச் சுத்தம் செய்ய ஒரே வழிதான் உண்டு. அது ஆசிட் அல்ல; அழுக்கை ஊற விடாமல் அடிக்கடி கழுவுவது.

முதலில், அந்தப் பழுப்பு எங்கிருந்து வருகிறது? பலர் அதைச் சாலைப் புழுதி என்றே நினைக்கிறார்கள். புழுதி தண்ணீர் பட்டாலே போய்விடும். இது பிரேக்கிலிருந்து வருவது. பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் பேடு வார்ப்பிரும்பு டிஸ்க்கைப் பிடித்து உரசுகிறது. இரண்டிலிருந்தும் தூள் கிளம்புகிறது. அதில் உள்ள இரும்புத் துகள்கள் சூடாகப் பறந்து வந்து சக்கரத்தில் ஒட்டுகின்றன. பிறகு ஈரம் பட்டுத் துருப்பிடிக்கின்றன. அந்தத் துருதான் பழுப்பு. பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு. அதனால்தான் முன்சக்கரம் எப்போதும் அதிக அழுக்காக இருக்கிறது. பல சின்னக் கார்களில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். அதன் தூளில் பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும்.

இனி ஆசிட் விஷயம். தமிழ் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது பழைய வழக்கம். புளியின் அமிலம் மேலே படிந்த கறையைக் கரைத்துவிடும். உள்ளிருக்கும் உலோகம் பளபளக்கும். இதே கணக்கைச் சக்கரத்துக்கும் போடுகிறார்கள். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. குத்துவிளக்கில் கை படுவது வெறும் உலோகம். அலாய் வீலில் கை படுவது உலோகமே அல்ல, பெயின்ட்! அலுமினியத்தோடு சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் சேர்த்து வார்த்த சக்கரத்தின் மேல் வண்ணம் அடித்து, அதற்கும் மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். அந்தப் பளபளப்பு முழுவதும் அந்த மெல்லிய பூச்சினுடையது.

கழிப்பறைத் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கல் தெறித்துப் பூச்சு பெயர்ந்த இடம், நட்டுத் துளைகளின் விளிம்பு என்று கிடைத்த வழியிலெல்லாம் அது புகுந்து அலுமினியத்தை அரிக்கிறது. பிறகு பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் பரவும். 'டைமண்ட் கட்' சக்கரங்களில் இது இன்னும் மோசம். அவற்றின் முகப்பில் அலுமினியத்துக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே அந்த ஒற்றைப் பூச்சுதான். அந்த வெள்ளைக் கோடு வந்த பிறகு எந்த மருந்தும் பலிக்காது. சுரண்டி எடுத்து மறுபடி பூச்சு அடிக்க வேண்டியதுதான்.

சரி, ஆசிட்டுக்குப் பதில் காஸ்டிக் சோடா? அதுவும் வேண்டாம். அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும் உலோகம்.

சக்கரம் போனால் பணத்தோடு போயிற்று. கை போனால்? வீல் கிளீனர் என்ற பெயரில் விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ இருப்பதுண்டு. நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரியாமலும் இருக்கலாம். சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே போய் உடலின் கால்சியத்தோடு சேர்ந்துவிடும். அதிகம் பட்டால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். இப்படிப்பட்ட ஒன்றை, லேபிள் இல்லாத கேனில், கையுறை இல்லாத ஒரு வாட்டர் வாஷ் பையனின் கையில் கொடுத்து "சீக்கிரம் முடி" என்று சொல்வது என்ன நியாயம்? அவசரம் காரின் சொந்தக்காரருக்கு, புண் அந்தப் பையனுக்கு! கையுறை வாங்கித் தராத கடைக்கும், எதை ஊற்றுகிறார்கள் என்று கேட்காத வாடிக்கையாளருக்கும் இதில் சமபங்கு உண்டு.

அப்படியென்றால் வீட்டில் எப்படிச் செய்வது? வேண்டியவை இரண்டு பக்கெட் தண்ணீர், கொஞ்சம் கார் ஷாம்பு, ஒரு ஸ்பாஞ்ச், பழைய டூத் பிரஷ், பழைய பனியன் துணி. அவ்வளவுதான்.

வண்டி நிழலில் நிற்க வேண்டும். சக்கரம் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ஷாம்பு தண்ணீர் காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும். பலர் காரைக் கழுவிவிட்டுக் கடைசியில் சக்கரத்துக்கு வருவார்கள். அது தலைகீழ். சக்கரம்தான் முதலில், இல்லாவிட்டால் அதன் அழுக்கு கழுவிய பாடியின் மேல் தெறிக்கும். சக்கரத்துக்கென்று தனி ஸ்பாஞ்ச் கட்டாயம். அதில் ஒட்டிய இரும்புத் தூளோடு கதவைத் தேய்த்தால் கீறல் நிச்சயம்.

முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட வேண்டும். பிறகு ஷாம்பு தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து ஒவ்வொரு ஆரமாகத் துடைக்கலாம். நட்டுத் துளைகளுக்கு டூத் பிரஷ். ஒரு சக்கரம் காய்வதற்குள் அதைக் கழுவிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசியில் பனியன் துணியால் ஈரம் ஒற்றி எடுப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்புப் புள்ளி நிற்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் பக்கத்திலேயே கொண்டு வரக்கூடாது. அது பூச்சைக் கீறும். உதிர்ந்த கம்பித் துணுக்கும் துருப்பிடிக்கும்.

தார் ஒட்டியிருந்தால் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தால் இளகும். பிறகு ஷாம்பு போட்டு எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது! உள்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன ஈயத் துண்டையோ இரும்புத் துண்டையோ அழுக்கென்று பெயர்த்துவிடவும் கூடாது. அது பேலன்சிங் எடை. போனால் வேகத்தில் ஸ்டியரிங் உதறும்.

மாதக்கணக்கில் ஊறிய பழுப்புக்கு, அமிலம் இல்லாத 'அயர்ன் ரிமூவர்' இருக்கிறது. அதில் பெரும்பாலும் இருப்பது அம்மோனியம் தயோகிளைகோலேட். அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டப் பயன்படுத்துவதும் அதுவேதான். இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், கையுறை தேவை, காயவிடாமல் கழுவ வேண்டும். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை போதும்.

முடித்ததும் வண்டியை மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்தால் ஈரம் போய்விடும். மறுநாள் டிஸ்க்கில் லேசான துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம். முதல் சில பிரேக்கிலேயே உதிர்ந்துவிடும்.

"வாராவாரம் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வாரத்துத் தூள் ஷாம்பு தண்ணீருக்கே போய்விடும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து இருபது நிமிடம் ஆகலாம். ஆறு மாதம் விட்டு, பிறகு ஐந்து நிமிடத்தில் முடிக்க நினைப்பவருக்குத்தான் ஆசிட் தேவைப்படுகிறது. தினமும் பல் துலக்குகிறவரை யாரும் ஆசிட்டால் வாய் கொப்பளிக்கச் சொல்வதில்லையே!