கல்லுக்கேற்ற இடம்

கள்ளிக்குப்பத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல்லை நிறம் பார்த்து வாங்காதீர்கள், அது செய்யப்போகும் வேலையைப் பார்த்து வாங்குங்கள். ராஜஸ்தான் மார்பிளும் ஆந்திரத்துக் கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகை. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ பட்டுக் கிடந்தால் பளபளப்பு போய்த் தழும்பு விழும். கழிப்பறை ஆசிட் அரித்தே விடும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கிரானைட் சமையலறைப் புளிப்புக்கு அசையாது. ஆகவே சமையல் மேடைக்குக் கிரானைட், அலமாரித் தட்டுக்குக் கடப்பா, கூடத்துத் தரைக்கு மார்பிள். வாசல்படிக்கும் குளியலறைக்கும் பாலிஷ் போட்ட கல் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் முதியவர்கள் வழுக்கி விழுவார்கள். அங்கே சொரசொரப்பான கல்லே பாதுகாப்பு. கடையில் துண்டுக் கல் கேட்டு வாங்கி, இரவு முழுக்க அதன்மேல் எலுமிச்சைத் துண்டை வைத்துப் பாருங்கள். பிறகு பணம் கொடுங்கள்.