பரிசைப் பாடினோம், பணியைச் சொன்னோமா?

கணித மேதை என்றதும் நம் மேடைகளில் எழும் பெயர் இராமானுசன். அவருடைய வறுமையைச் சொல்வோம். நாமகிரித் தாயாரைச் சொல்வோம். 1729 என்னும் வாடகை வண்டி எண்ணையும் மறவாமல் சொல்வோம். அவர் ஆராய்ந்த பொருளைப் பற்றி வாய் திறப்பதில்லை. சீனிவாச வரதனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2007இல் ஏபெல் பரிசு பெற்ற தமிழர் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

1940இல் சென்னையில் பிறந்த வரதன், மாநிலக் கல்லூரியில் பயின்று, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1963இல் நியூயார்க் சென்றார். அங்கு அவர் செய்தது என்ன?

ஒரு காசை 1,000 முறை சுண்டினால் ஏறத்தாழ 500 முறை தலை விழும். 600 முறையோ அதற்கு மேலோ விழுமா? விழலாம், ஆயினும் அதற்கான வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. இத்தகைய அரிய நிகழ்ச்சிகளின் வாய்ப்பு எத்துணை விரைவாகத் தேய்கிறது என்று அளப்பதே பெருவிலகல் கோட்பாடு. சிராங்கூன் சாலையில் ஒரு கடை தீப்பற்றினால் காப்பீட்டு நிறுவனம் தாங்கும். ஒரே ஆண்டில் எதிர்பாராத எண்ணிக்கையில் கடைகள் தீப்பற்றினால்? காப்பீட்டுத் துறையின் இத்தகைய கேள்வியிலிருந்தே சுவீடன் நாட்டுக் கிராமர் 1930களில் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். 1966 முதல் வரதன் அதனை ஒரு பொதுக் கோட்பாடாக வளர்த்தெடுத்தார்.

இதில் விளங்காத தமிழ் எது?

“கணிதம் ஆங்கில வகுப்புக்குரியது, தமிழாசிரியருக்கு அங்கு என்ன வேலை?” என்பர் சிலர். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. உண்மைதான். அதனாலன்றோ நம் பொறுப்பு பெருகுகிறது? கணித வகுப்பில் தமிழுக்கு இடமில்லை எனின், தமிழ் வகுப்பிலாவது கணிதச் சிந்தனைக்கு இடம் வேண்டாமா? “சொற்கள் இல்லை” என்பதும் வெறும் சாக்கு. நிகழ்தகவு, சார்பு, மாறி ஆகியவை தமிழகப் பள்ளி நூல்களில் நெடுங்காலமாக வழங்கும் சொற்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே தமிழ் என்று பழகிய மாணவன், சிந்திக்க வேண்டிய வேளையில் வேறு மொழியை நாடுவான். பின்னர் அவனைக் கடிந்து பயனில்லை. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபை விழா மேடையில் முழங்கிவிட்டு, வகுப்பில் ஒரு கண்ணை மூடிக்கொள்வது முறையாகுமா?

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த முறை வரதனைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, பரிசுகளின் பட்டியலைக் கேளாதீர்கள். மாணவர் கையில் ஒரு காசைக் கொடுங்கள். சுண்டட்டும், எண்ணட்டும், கண்டதைத் தமிழில் எழுதட்டும்.