இரும்பு மாத்திரைக்கு அடங்காத சோகை: திருவனந்தபுரம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்



கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவைச் சுற்றியும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் உங்களுக்கும், குமரி மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறோம்.

வீட்டில் இருக்கும் பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் அளவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்போம். அதற்குக் கீழே எம்.சி.வி., எம்.சி.எச். என்று இரண்டு வரிகள் உண்டு. பெரியவர்களுக்கு முதலாவது 80-க்கும் இரண்டாவது 27-க்கும் கீழே இருந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து, வெளிறியிருக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவே காரணம். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் அந்த எண்கள் ஏறவில்லையென்றால், அந்த அறிக்கைக்கு உரியவர், ஹீமோகுளோபின் உருவாக்கம் குறையும் பரம்பரை நோயான பீட்டா தலசீமியாவின் ‘கேரியர்’ ஆக இருக்கலாம்.

கேரியர் என்பவர் அந்த நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர், நோயாளி அல்ல. எல்லோரையும்போல வேலை செய்வார், வாழ்வார். ஆனால் கணவன், மனைவி இருவருமே கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்திலுள்ள இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்றத் தினமும் மருந்து வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இப்படிப் பிறக்கின்றன.

இதேபோல் ஹீமோகுளோபின் கோளாறால் பரம்பரையாக வரும் அரிவாளணுச் சோகையும் நமக்குத் தொலைவில் இல்லை. 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் அது கண்டறியப்பட்டது. வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் இன்றும் பலரை வாட்டுகிறது. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசியத் திட்டம் பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. நகரத்தில் இருக்கும் நம் வீட்டுக்கு யாரும் தேடி வர மாட்டார்கள். நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்க வேண்டியது எச்.பி.எல்.சி. பரிசோதனை. வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் அதே ஊதா மூடிக் குழாய் ரத்தமே போதும். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. கருவி ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும். பீட்டா தலசீமியா கேரியருக்கு ஏ2 வகை வழக்கமாக 3.5 சதவீதத்தைத் தாண்டும். அரிவாளணு கேரியருக்கு எம்.சி.வி. சரியாகவே இருக்கக்கூடும், அவரையும் இந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

எங்கள் வேண்டுகோள்கள் இவை:

1. கல்யாணம் நிச்சயிப்பதற்கு முன், பிள்ளை, பெண் இருவருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். அத்தை மகன், மாமன் மகள் சம்பந்தமென்றால் கட்டாயம் செய்யுங்கள். ஒரே குடும்பத்தில் இருவரும் கேரியராக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

2. கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே செய்துகொள்ளுங்கள். மனைவி கேரியர் என்று தெரிந்தால் தாமதிக்காமல் கணவரையும் அனுப்புங்கள். இருவரும் கேரியர் என்றால், 11-ஆம் வாரம் முதலே கருவைப் பரிசோதிக்க வழி உண்டு, முடிவு தம்பதியருடையது.

3. கடந்த மூன்று மாதங்களில் ரத்தம் ஏற்றியிருந்தால் சொல்லிவிடுங்கள். கொடுத்தவரின் ரத்தம் கலந்து முடிவு பிசகும். இரும்புக் குறைவு ஏ2 அளவைத் தாழ்த்தியும் காட்டலாம். சந்தேகமிருந்தால் டாக்டரிடம் மறுபரிசோதனை கேளுங்கள்.

4. குடியிருப்போர் சங்கத்தாரே, சர்க்கரை, ரத்த அழுத்த முகாம் நடத்தும்போது கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனையையும் சேருங்கள்.

முடிவு எதுவானாலும் மருமகளை மட்டும் குறை சொல்லாதீர்கள். நோய் வர, தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வர வேண்டும். ஒருவர் மட்டும் கேரியர் என்றால் கல்யாணத்தை நிறுத்தக் காரணமே இல்லை. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்குள் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலசீமியா குழந்தைகளின் பெற்றோர், ரத்த தானம் செய்வோர், ஆய்வகப் பணியாளர்கள்
திருவனந்தபுரம்