யார் உடம்பு மலிவு?

வங்கியில் நகைக்கடன் மேசையில் உட்கார்ந்திருக்கிறவன் நான். முகூர்த்த மாதம் வந்தால் காஞ்சிபுரம் பட்டுக்கடை வாசல்களில் கார்கள் நிற்கும். அதே நாட்களில் என் மேசை முன்னால் நம் சேரிப் பெண்கள் நிற்பார்கள். ஒரு அம்மா காதில் கிடந்ததைக் கழற்றி வைத்தார்.

"எதுக்கும்மா?"

"வூட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது சார். இருவது வருசமா சாயப்பட்டறையில ஆவியிலயே நின்னாரு."

படிவத்தில் 'கடனின் நோக்கம்' என்றொரு கட்டம். 'குடும்பச் செலவு' என்று எழுதினேன். மார்ச் மாதம் கிளையின் வளர்ச்சிக் கணக்கில் அந்தக் கடனும் சேர்ந்தது.

தோழர்களே, இந்தக் கணக்கைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. சாயமேறிய பட்டு விற்றால் நாட்டின் உற்பத்தி கூடுகிறது. சாயத்தண்ணி வேகவதியில் கலந்தால் அதற்காக எதுவும் கழிக்கப்படுவதில்லை. அவர் மருந்துக்கடையில் கொடுத்த காசும் உற்பத்தி, எங்களுக்குக் கட்டுகிற வட்டியும் உற்பத்தி. ஒரு மனுசனுக்கு மூச்சு வாங்குவது இப்படிப் பல இடங்களில் 'வளர்ச்சி'யாகப் பதிவாகிறது. அவன் இழந்த மூச்சு மட்டும் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

இது ஒரு பட்டறையின் கதை அல்ல. நம் ஊருக்கு வந்து சேருகிற பாலாற்றை மேலே போய்ப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த சுமார் 35 லிட்டர் தண்ணீர், 170 வகை ரசாயனம். தோல் பதனிடும் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் போட்ட அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறோம் என்பதால் மண்ணையும் மக்கள் உடம்பையும் அழிக்க உரிமை கிடையாது என்றும் சொன்னது.

பிறகு என்ன நடந்தது? 2001-ல் சூழல் இழப்புக்கான ஆணையம் 547 தோல் தொழிற்சாலைகளிடமிருந்து 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. நான் கணக்குப் பார்க்கிறவன், வகுத்துப் பார்த்தேன். தலைக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட இல்லை. அதுவும் பெரும்பாலும் நிலம் கெட்டதற்கான கணக்கு. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவளுக்கு ஏது பட்டா? தோல் ஊறுகிற தொட்டியில் வெறுங்காலோடு இறங்கியவனுக்கு ஏது சர்வே நம்பர்? நிலம் இருந்தவனுக்கு இழப்பு இருந்தது. உடம்பு மட்டும் இருந்தவனுக்கு இழப்பே இல்லை என்றாகிவிட்டது.

இங்கேதான் சாதி வேலை செய்கிறது. செத்த மாட்டின் தோலைத் தொட்டதால் நம்மைத் தீட்டு என்றார்கள். தோல் டாலர் ஆனதும் தொழிலுக்கு ஒட்டியிருந்த தீட்டு போய்விட்டது. ஆனால் தொட்டி நம்மிடமே நின்றது. நேற்று தீட்டு என்று ஊருக்கு வெளியே தள்ளினார்கள். இன்று ஊருக்கு வெளியே இருக்கிறோம் என்பதால் கழிவை நம் பக்கம் தள்ளுகிறார்கள்.

1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்திட்ட ஒரு உள் குறிப்பு வெளியே கசிந்தது. கூலி மிகக் குறைவான நாட்டில் நச்சுக் கழிவைக் கொட்டுவதன் பொருளாதாரத் தர்க்கத்தில் பிழையே இல்லை என்பது அதன் சாரம். நோயால் போகிற கூலிதான் நோயின் விலை. கூலி குறைந்தவனின் நோய் மலிவு. கிண்டலாக எழுதியது என்று பின்னால் சமாதானம் சொன்னார்கள். நமக்கு அது கிண்டலாகப் படவில்லை. நம் கூலியை மலிவாக்கியது சாதி. அந்த மலிவைக் காட்டி நம் தெருவை கழிவுக்கு உகந்த இடமாக்குவது சந்தை. இரண்டும் சேர்ந்தே கணக்கெழுதுகின்றன.

வளர்ச்சி வந்தால் அரசு மருத்துவத்துக்குச் செலவழிக்கும், எல்லாம் சரியாகும் என்கிறார்கள். 2021-22 கணக்குப்படி அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட்டது நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 சதவீதம் என்று 2017 கொள்கையில் எழுதி வைத்திருந்தார்கள். மக்கள் கைக்காசு 2013-14-ல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதமாக இருந்தது, 39.4 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்ததை மறுக்கவில்லை. ஆனாலும் நூறில் முப்பத்தொன்பது ரூபாய் என்பது என் மேசைக்கு வருகிற அந்தக் காதுத்தோடு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். மாதா மாதம் வாங்குகிற மாத்திரைக்கும் மூச்சு மருந்துக்கும் வேலைக்குப் போகாத நாளுக்கும் அது பேசாது. மருத்துவச் செலவைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் மேலே ஆற்றில் கழிவைவிட்டு கீழே மாத்திரை கொடுப்பதற்குப் பேர் சுகாதாரம் இல்லை. முதலாளியின் செலவை முதலில் நோயாளி தலையிலும் பிறகு அரசு தலையிலும் கட்டுவது அது.

அப்படியானால் பட்டறைகளை மூடிவிடலாமா? மூடினால் முதலில் பட்டினி கிடப்பதும் நாம்தான். "வேலையா, மூச்சா" என்று நம்மிடம் கேட்கிற கேள்வியே அயோக்கியத்தனமானது. வேறு எந்தத் தெருக்காரனிடமும் இதைக் கேட்பதில்லை. 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட யாரும் இல்லை.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேசியிருக்கிறது. விடுபட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்து, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்கிறது. தீர்ப்பு தானாக நடந்து சேரிக்கு வராது. மாணவத் தோழர்கள் விடுமுறையில் ஒரு நோட்டோடு தெருத்தெருவாய்ப் போகட்டும். யார் எந்தத் தொட்டியில் எத்தனை வருசம் வேலை செய்தார், என்ன நோய், எவ்வளவு செலவு, எதை அடமானம் வைத்தார் என்று எழுதட்டும். மருந்துச் சீட்டையும் அடகுச் சீட்டையும் பத்திரப்படுத்தச் சொல்லட்டும். பட்டா இல்லாதவனுக்கு அதுதான் பட்டா.

1927-ல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று நிறுவத்தான். இன்று ஆறு நமக்கும் பொதுதான். அதில் கலந்திருக்கிற விஷத்தின் செலவு மட்டும் ஏன் நமக்குத் தனிச்சொத்தாக வேண்டும்?

அந்த அம்மா தோட்டை இன்னும் மீட்கவில்லை.