கை மட்டும் போதும்!

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள் பெரியோர். அந்த ஆடையிலும் பாதி, கைதான் என்கிறேன் நான். இதைக் கேட்டு என் தோழிகள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு விழாவில் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்திலிருந்து சில காட்சிகளை நடித்தோம் அல்லவா? போர்ஷியாவின் தோழி நெரிஸாவாக முதலில் தேர்வு பெற்றவள் என் வகுப்புத் தோழி ஒருத்தி. அவள் பேசினால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். ஆனால் நடிப்பவர்கள் தரை வரை புரளும் கவுன் ஒன்றைத் தங்கள் செலவிலேயே தைத்துக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லப்பட்டது. துணி ஐந்து மீட்டருக்குக் குறையாது. தையல் கூலி வேறு. மூன்றாம் நாள், தொண்டை வலி என்று சொல்லி அவள் விலகிக்கொண்டாள். அன்று மதிய உணவு வேளையில் எங்கள் எல்லோரையும்விட உரக்கப் பேசிச் சிரித்தவளும் அவளே. வலி தொண்டையில் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும், அவள் விட்ட வேடம் எனக்கு வந்தபோது வாங்கிக்கொண்டேன். இன்றும் அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

ஒரே ஒரு மாலைப் பொழுது அணிந்த அந்தக் கவுன் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் அந்துருண்டைகளுக்கு நடுவே உறங்குகிறது. வேறெங்கும் அதை உடுத்திக்கொண்டு போக முடியுமா?

அந்தக் காலத்து இத்தாலியப் பெண்கள்கூட இவ்வளவு வீண் செலவு செய்யவில்லை! நம் நூலகத்தில் இருக்கும் ஓவியப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. பிளாரன்ஸ் நகரத்தில் டொமினிகோ கிர்லாண்டாயோ என்று ஓர் ஓவியர் இருந்தார். ஜியோவன்னா டோர்னபுவோனி என்ற இளம்பெண்ணை அவர் வரைந்த படம் இப்போது மாட்ரிட் நகரில் இருக்கிறது. 1488 என்ற ஆண்டு அப்படத்திலேயே ரோமன் எழுத்துகளில் குறிக்கப்பட்டுள்ளது. அப்பெண்ணின் கையைப் பாருங்கள். உள்ளே அணிந்த வெள்ளைத் துணி, இடைவெளிகள் வழியே கொப்புளம் கொப்புளமாக வெளியே எட்டிப் பார்க்கிறது. அதே ஓவியர் 1485 முதல் 1490 வரை சாந்தா மரியா நோவெல்லா ஆலயத்தில் தீட்டிய சுவரோவியங்களில் நம் மாதாவின் பிறப்பும் ஒன்று. அங்கே குழந்தை மரியாளைப் பார்க்க வருபவர்களும் பிளாரன்ஸ் நகரத்துச் சீமாட்டிகளைப் போலவே உடுத்தியிருக்கிறார்கள்!

அக்காலத்தில் கை என்பது பல நேரங்களில் தனி உடைமை. உடம்புக்கு ஓர் எளிய கம்பளி ஆடை இருக்கும். கைகளைப் பட்டிலோ ஜரிகைத் துணியிலோ தனியாகத் தைத்து, தோளில் நாடாவால் முடிந்துகொள்வார்கள். நாளைக்கு வேறு கை மாட்டினால் வேறு ஆடை ஆயிற்று. ஆண்களின் மேற்சட்டைக்கும் இவ்வாறே முடிந்துகொள்ளும் கைகள் உண்டு. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசிக்கு வந்த புத்தாண்டுப் பரிசுகளின் பட்டியல்களில்கூட ஜோடி ஜோடியாகக் கைகள் காணப்படுகின்றன. (ஆடையை விட்டுவிட்டுக் கையை மட்டும் பரிசளிப்பதா என்று என் தம்பி கேட்டான்.) இத்தாலிய மொழியில் "அது வேறு ஜோடிக் கை" என்று சொன்னால் "அது வேறு விஷயம்" என்று பொருளாம். கழற்றி மாட்டும் பழக்கம் பேச்சு வழக்கிலும் தங்கிவிட்டது போலும்.

ஆகவே என் கருத்து இதுதான். நாடகத்துக்கு ஆளுக்கொரு கவுன் கேட்கும் வழக்கத்தை நம் பள்ளி விட்டுவிட வேண்டும். கருஞ்சிவப்பிலோ கருநீலத்திலோ, கை இல்லாத ஆறு பருத்திக் கவுன்களைப் பள்ளிக்குப் பொதுவாகத் தைத்து வைப்போம். கைகளைத் தையல் வகுப்பில் நாமே தைப்போம். ஒரு ஜோடிக் கைக்கு முக்கால் மீட்டர் துணி போதும். அம்மாவின் பழைய பட்டுச் சேலையில் இற்றுப்போகாத முந்தானை கிடைத்தால் அதுவும் வேண்டாம்.

வேலை கடினமா என்றால், நம் ஜாக்கெட்டுக்குக் கை வைப்பதைவிட எளிது. அதைக் கைக்குழியோடு சுருக்கமில்லாமல் இணைக்க நாம் படும் பாடு நமக்கே தெரியும். இங்கே இணைப்பே கிடையாது. தோளுக்கும் கைக்கும் நடுவே விரற்கடை இடைவெளி விடுவதே அழகு. அதன் வழியே உள்ளே அணிந்த வெள்ளை மல் துணியைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் ஓவியத்தில் உள்ளது போலவே பொங்கி நிற்கும். அளவெடுக்கும்போது மட்டும் முழங்கையை மடக்கிக்கொள்ள வேண்டும். நீட்டியபடி அளந்தால் பின்னால் கையை மடக்கும்போது மணிக்கட்டு தெரியும். பழைய செய்தித்தாளில் முதலில் வெட்டிப் பார்த்துவிட்டுத் துணியில் வெட்டுவது நல்லது. நான் அப்படி வெட்டியும், ஜரிகைத் துணியின் நல்ல பக்கத்தைக் கவனிக்காமல் இரண்டு இடது கைகளைத் தைத்து வைத்தேன். துணியை மடித்துப் போட்டு இரண்டையும் சேர்த்து வெட்டியிருந்தால் அந்தக் கூத்து நடந்திருக்காது.

நாடா நுழையும் துளைகளே முக்கியம். கத்தரியால் வெட்டினால் இழை அறுந்து, இழுக்க இழுக்கக் கிழியும். செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் குத்தூசியைப் போன்ற ஒன்றால் குத்தினால் இழைகள் விலகி மட்டுமே நிற்கும். அக்காலத் தையற்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். துளையைச் சுற்றிக் காஜா எடுப்பது போல நெருக்கமாகத் தைத்துவிட வேண்டும். கைக்கு நான்கு, கவுனின் தோளில் அதற்கு நேராக நான்கு. நாடாவின் நுனியில் அவர்கள் சிறு உலோகக் குப்பி பொருத்தினார்கள். நமக்கோ ஷூ லேஸ் இருக்கிறது! நுனியில் பிளாஸ்டிக் குப்பியோடேயே வருகிறது. சாயம் போட்டால் யாருக்கும் தெரியாது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நாடாவை இறுக்கலாம், தளர்த்தலாம். எட்டாம் வகுப்பு ஒல்லிக்கும் என்னைப் போன்ற குண்டுப் பெண்ணுக்கும் ஒரே கை பொருந்தும். பஸானியோவாக ஆண் வேடம் போடுபவளுக்கும் அதுவே ஆகும்.

வாடகைக்கு எடுத்துவிடலாமே என்பார்கள் சிலர். வாடகைக் கடையில் நம் ஊர் ராஜா உடைகள் கிடைக்கலாம். வெனிஸ் நகரத்துச் சீமாட்டியின் உடைக்கு எங்கே போவது? கிடைத்தாலும் அந்த வாடகையை மறுபடியும் அதே பெண்கள்தானே கொடுக்க வேண்டும்? கழற்றும் கை மேடையில் கழன்று விழுந்தால் என்ன செய்வது என்று இன்னொருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. சென்ற ஆண்டு எங்கள் பஸானியோவின் கை பேழைக்கு முன்னால் வந்து நின்றபோது கழன்று தொங்க, அரங்கமே சிரித்தது உண்மைதான். ஆனால் அது ஊக்கால் குத்திய கை. நான் சொல்வது நாடாவால் முடிந்த கை.

சொன்னால் போதுமா என்று தைத்தும் பார்த்துவிட்டேன். அளவெடுக்க ஒரு கை தேவைப்பட்டது. தொண்டை வலிக்காரியிடமே போய்க் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கையை மடக்கி நீட்டினாள். சென்ற வெள்ளியன்று அவளுக்கு மாட்டி முடிச்சும் போட்டாயிற்று. அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, நெரிஸாவின் வசனத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிக் காட்டினாள். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. முடிச்சும் அவிழவில்லை. இடது கையில் மூன்றாவது துளை மட்டும் கொஞ்சம் கோணல்; அதைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும்.